'ஏன்?' என்று கேட்காத ஐந்து நாள்

ஆபீஸில் எனக்கு 'லிஸ்ட் பாய்' என்று பெயர். தீபாவளி அட்வான்ஸிலிருந்து டீக்கடை பாக்கி வரை எதையும் கட்டம் போட்டு எழுதி வைக்கிற ஆசாமி நான். ஸ்கேலும் சிவப்பு மையும் இல்லாவிட்டால் எனக்குப் பொழுது விடியாது. அப்படிப்பட்டவன் 2019-ல் என் அத்தாவை அழைத்துக்கொண்டு ஹஜ்ஜுக்குக் கிளம்பினால் சும்மா போவேனா? பதினோரு பக்கத்துக்கு ஒரு லிஸ்ட் தயார் செய்தேன். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், என்ன பிரார்த்தனை, என்ன மாத்திரை... எல்லாம் அதில் உண்டு.

அத்தாவுக்கு அப்போது எழுபத்தோரு வயது. லிஸ்ட்டைப் பொறுமையாகப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரிதான் தம்பி. இதுல அல்லாஹ்வுக்குன்னு ஒரு கட்டம் விட்டிருக்கியா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் ஜோக் அடிக்கவில்லை என்று புரிய எனக்கு ஐந்து நாள் பிடித்தது.

விஷயம் தெரியாத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். 'இஸ்லாம்' என்ற சொல்லுக்கே இறைவனிடம் தன்னை ஒப்படைத்தல், கீழ்ப்படிதல் என்றுதான் பொருள். ஐந்து கடமைகளில் ஒன்று ஹஜ். பண வசதியும் உடல் பலமும் உள்ளவர்கள் ஆயுளில் ஒரு முறை செய்தால் போதும். மற்ற கடமைகளுக்கு நம்மைப் போன்றவர்கள் சுலபமாக ஒரு காரணம் சொல்லிவிடுவோம். நோன்பு எதற்கு? பசியின் அருமை தெரிய. ஜகாத் எதற்கு? ஏழைக்கு உதவ. ஆனால் ஹஜ்ஜில் அந்தப் பருப்பு வேகாது. ஏழு முறை சுற்று என்றால் சுற்ற வேண்டும். எட்டு ஏன் இல்லை, ஆறு ஏன் இல்லை என்று ஆடிட் அப்ஜெக்ஷன் போட முடியாது!

முதல் அடி உடையில் விழுகிறது. இஹ்ராம் என்பது ஆண்களுக்குத் தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துணி. ஒன்றை இடுப்பில் கட்டி, ஒன்றைத் தோளில் போர்த்திக்கொள்ள வேண்டும். தலையில் தொப்பி கூடாது. சென்ட் கூடாது. நகம் வெட்டக் கூடாது. கண்ணாடியில் பார்த்தேன். என் பதவி, பேனா, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கிற மிடுக்கு எல்லாம் சூட்கேஸுக்குள் போய்விட்டன. செத்தால் போர்த்துகிற கபன் துணி ஞாபகம் வந்தது. அதைவிடப் பெரிய பிரச்னை, பாக்கெட் இல்லை. லிஸ்ட்டை எங்கே வைப்பது? இடுப்பு பெல்ட்டின் பைக்குள் எட்டாக மடித்துச் செருகினேன்.

இன்னொரு தடையும் உண்டு. ஹஜ்ஜின்போது தீய பேச்சும் வீண் சச்சரவும் கூடாது என்பது குர்ஆனின் கட்டளை. அதாவது, சண்டை போடக் கூடாது! ஆபீஸ்காரனுக்கு இதைவிடக் கடுமையான விரதம் உண்டா, சொல்லுங்கள்.

மினாவில் அதற்குப் பரீட்சை வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளைக் கூடாரங்கள். 1997-ல் நடந்த பெரிய தீ விபத்துக்குப் பிறகு தீப்பிடிக்காத துணியில் அமைத்தவை. அங்கே குளியலறை க்யூவில் முக்கால் மணி நேரமாக நிற்கிறேன். ஒருவர் சர்வ சாதாரணமாக எனக்கு முன்னால் நுழைந்தார். என் நாக்கு நுனியில் நல்ல தமிழ் வந்து நின்றது. பக்கத்தில் அத்தா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "இஹ்ராம்!"

விழுங்கிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், முக்கால் மணி நேரம் நின்றது வலிக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கியதுதான் வலித்தது.

ஒன்பது மணிக்கு என்று சொன்ன பஸ் நள்ளிரவு தாண்டி வந்தது. லிஸ்ட்டின் முதல் பக்கம் அவுட். மாத்திரை டப்பா வேறு கூடாரத்துக்குப் போய்விட்டது. நாலாம் பக்கம் அவுட். நான் புலம்பப் புலம்ப அத்தா தல்பியாவைச் சொல்லிக்கொண்டே வந்தார். 'வந்துவிட்டேன் இறைவா, இதோ வந்துவிட்டேன்' என்பதுதான் அதன் சாரம். கூப்பிட்டவருக்கு ஆஜர் சொல்லிவிட்ட பிறகு பஸ் டைமிங் அவருக்கு ஒரு கவலையே இல்லை.

அதற்குச் சில நாள் முன்பு கஅபாவைச் சுற்றும்போது அத்தா ஒரு விஷயம் சொன்னார். இரண்டாவது கலீபா உமர் அவர்கள் ஹஜருல் அஸ்வத் எனும் கறுப்புக் கல்லை முத்தமிடப் போனபோது, 'நீ வெறும் கல்தான். நன்மையோ தீமையோ செய்ய உன்னால் முடியாது. நபிகள் நாயகம் முத்தமிட்டதைப் பார்த்தேன், அதனால் நானும் செய்கிறேன்' என்ற கருத்தில் பேசினாராம். அவ்வளவு பெரிய ஆட்சியாளர் காரணம் தேடவில்லை. நான் கூட்டத்தில் கல்லின் பக்கமே போக முடியாமல் தூரத்திலிருந்து கையை உயர்த்திக் காட்டினேன். அதுவும் போதும் என்பதுதான் சட்டம்.

துல்ஹஜ் ஒன்பதாம் நாள். 2019 ஆகஸ்ட் 10. அரபாத் மைதானம். ஹஜ்ஜின் உயிர்நாடி இதுதான். அன்றைக்கு இங்கே வந்து நிற்காவிட்டால் ஹஜ்ஜே இல்லை. அந்த ஆண்டு ஏறத்தாழ 25 லட்சம் பேர் வந்திருந்தார்கள். மதியத்துக்குப் பிறகு வேறு வேலை கிடையாது. நிற்க வேண்டும், கையேந்த வேண்டும், கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

லிஸ்ட்டை எடுத்தேன். ஒன்பதாம் பக்கம். 'அரபாத்தில் கேட்க வேண்டியவை' என்று முப்பத்திரண்டு அயிட்டம். கையை உயர்த்தினேன். ஒன்றுமே வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு முகம் வந்து நின்றது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

2016-ல் எங்கள் ஆபீஸில் ஒரு முக்கியமான ஃபைல் காணாமல் போனது. தபால் பிரிவில் இருந்த நண்பர் மேல் பழி விழுந்தது. அவருக்கு ஒரு வருட இன்க்ரிமென்ட் கட். இரண்டு மாதம் கழித்து அந்த ஃபைல் கிடைத்தது. எங்கே தெரியுமா? என் மேஜை டிராயரில், பழைய காலண்டருக்கு அடியில். நான் என்ன செய்தேன்? யாரும் பார்க்காத நேரத்தில் ரிக்கார்ட் ரூம் அலமாரியில் கொண்டுபோய்ச் செருகினேன். 'எப்படியோ கிடைத்துவிட்டது' என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவர் பேரில் போட்ட உத்தரவு அப்படியே நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கடனை அடைத்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். நானும் ஸீட் ஸீட்டாகப் போய், "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுக்குங்க" என்று சொன்னேன். அவரிடமும் அதையேதான் சொன்னேன். "உங்க மேல என்ன பாய் தப்பு? எனக்கும் சேர்த்து வேண்டிக்குங்க" என்றார். லிஸ்ட்டில் அவர் பெயருக்கு எதிரே 'டிக்' அடித்தேன். நான் கேட்டது மன்னிப்பா ஸார்? எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் அனுப்புகிற சர்க்குலர்!

இறைவனுக்குச் செய்த குறையை இறைவன் மன்னிப்பான். சக மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதனிடம்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது மார்க்கம். கி.பி. 632-ல் நபிகள் நாயகம் தம் இறுதி ஹஜ்ஜில் மக்களிடம் பேசியபோது, ஒருவருடைய உயிரும் பொருளும் மானமும் மற்றவருக்குப் புனிதமானவை என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்ட செய்தி. அதே மண்ணில் நிற்கும்போதுதான் அது என் டிராயரைக் காட்டிப் பேசியது. பொருள், மானம் இரண்டிலுமே நான் கை வைத்திருக்கிறேன்.

அன்று பிற்பகல் திடீரென்று இடி இடித்து மழை கொட்டியது. பாலைவனத்தில் மழை! வெயிலுக்கு என்று நான் லிஸ்ட் போட்டுக் கொண்டுவந்த குடையை விரிக்கத் தோன்றவில்லை. கையேந்தியபடி ஜனங்கள் நனைந்துகொண்டே நின்றார்கள். ஒன்பதாம் பக்கத்தில் மை கரைந்து வழிந்தது. முப்பத்திரண்டும் போச்சு. மிச்சம் ஒன்றே ஒன்றுதான். "யா அல்லாஹ், அவர்கிட்டப் போய் உண்மையைச் சொல்ற தைரியத்தைக் குடு!"

சூரியன் மறைந்தது. மஃரிப் நேரம். வாழ்நாள் முழுக்க அந்த நேரத்தில் தொழுதே பழகிய அத்தா அன்று தொழவில்லை. ஏனென்றால் அன்று மட்டும் ஹாஜிகள் அங்கே தொழாமல் முஸ்தலிபாவுக்குப் போய், இஷாவோடு சேர்த்துத் தொழ வேண்டும். "நேரம் போகுதே அத்தா" என்றேன்.

"தொழச் சொன்னவன்தான் இன்னைக்கு அப்புறமா தொழுன்னு சொல்றான். நம்ம பழக்கத்தையா கும்பிடறோம்? அவனைத்தானே!" என்றார்.

அன்றிரவு முஸ்தலிபாவில் வெட்டவெளியில், பாயை விரித்துப் படுத்தோம். ஒரு பக்கம் யாரோ ஆப்பிரிக்கர், மறுபக்கம் யாரோ இந்தோனேஷியர். கொண்டைக் கடலை அளவுக்குச் சின்னச் சின்னக் கற்களாகப் பொறுக்கிக்கொண்டோம். மறுநாள் ஏழு, அடுத்த இரண்டு நாட்களும் இருபத்தொன்று வீதம், ஆக மொத்தம் நாற்பத்தொன்பது. மினாவில் உள்ள கல் சுவர்களில் அவற்றை எறிய வேண்டும். மகனைப் பலியிடக் கிளம்பிய நபி இப்ராஹீமை ஷைத்தான் வழிமறித்ததன் நினைவு அது. கல் பட்டு ஷைத்தானுக்கு வலிக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் எறிந்த முதல் கல், பழைய காலண்டருக்கு அடியில் கிடந்த ஒரு ஃபைலின் மேல் போய் விழுந்தது.

பிறகு குர்பானி. இறைச்சியோ ரத்தமோ இறைவனைச் சென்றடைவதில்லை, உங்கள் இறையச்சம்தான் அடைகிறது என்பது குர்ஆன் தரும் விளக்கம். அப்புறம் மொட்டை. இடுப்புப் பையில் கூழாகிப்போயிருந்த லிஸ்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அத்தா பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் மொட்டைத் தலையோடு, ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமுமாக ஆபீஸ் போனேன். எல்லோரும் "ஹாஜியார் வாங்க!" என்று எழுந்து நின்றார்கள். கூசியது. நேரே தபால் பிரிவுக்குப் போனேன். இந்த முறை சர்க்குலர் இல்லை. தேதி, டிராயர், காலண்டர், அலமாரி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

"அந்த வருஷம் பொண்ணுக்கு காலேஜ் பீஸ் கட்ட சம்சாரத்தோட வளையலை அடகு வெச்சேன் பாய்" என்றார். "இப்ப நான் என்ன சொல்லணும்னு எதிர்பார்க்கறீங்க?"

பதில் இல்லை. இருபத்தைந்து லட்சம் பேர் நடுவில் இறைவன் முன்னால் தலை குனிவது சுலபம் நண்பர்களே. பழகிய ஒருவர் முன்னால், அவருடைய மேஜைக்கு எதிரே நின்று குனிவதுதான் கஷ்டம். அரபாத் அதற்குத்தான் ஒத்திகை என்று அந்த இடத்தில் நிற்கும்போதுதான் விளங்கியது.

அன்றே நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். எனக்கு மெமோ வந்தது. என் இன்க்ரிமென்ட் ஒரு வருடம் நின்றது. அவருக்கு நின்றது திரும்ப வந்தது. "ஏன் பாய், முடிஞ்சுபோனதைக் கிளறினீங்க?" என்று சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

என் ஹஜ் ஏற்கப்பட்டதா? அது அவனுக்குத்தான் தெரியும். நண்பர் மன்னித்தாரா என்று கேட்கிற உரிமையும் எனக்கில்லை. பத்து நாள் அவர் என்னோடு பேசவில்லை. நானும் எந்தக் கட்டத்திலும் 'டிக்' அடிக்காமல் காத்திருந்தேன்.

பதினோராம் நாள் காலை, என் மேஜையில் ஒரு டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன்.

"டீ ஆறிடும் பாய்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்து போனார்.