நற்பெயருக்குச் சட்டம் தரும் காவல்

பால்மரம் வெட்டி நாம் ஈட்டும் கூலி மாதம் முடிவதற்குள் செலவாகிவிடும். பல்லாண்டு நேர்மையாக வாழ்ந்து ஈட்டிய நற்பெயரோ, பிள்ளைகளுக்கும் விட்டுச் செல்லும் சொத்தாகும். ஒரு பத்திரிகைச் செய்தி அச்சொத்துக்கு ஊறு செய்யுமானால் நாம் என்ன செய்வது? “பத்திரிகையை எதிர்த்து நம்மால் ஆவதென்ன?” என்று வாய்மூடி இருந்துவிடுவோர் உண்டு. “நாளைக்கே வழக்குப் போடுவேன்” என்று சினந்து எழுவோரும் உண்டு. இரண்டில் எதைச் செய்வதற்கும் முன்னர், சட்டம் கூறுவதை அறிந்துகொள்வது நலம்.

இதற்கென நம் நாட்டில் உள்ளது 1957ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம். இங்கிலாந்தில் வழக்குகளின் வாயிலாக வளர்ந்த சட்ட நெறிகளையும் நமது நீதிமன்றங்கள் கருத்திற் கொள்கின்றன.

எது அவதூறு?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். “இன்ன தோட்டத்துக் கோயில் பொருளாளர் திருவிழாப் பணத்தைக் கையாடிவிட்டார்” என்று ஒரு பத்திரிகை எழுதுகிறது. உண்மையில் ஒரு காசும் குறையவில்லை. ஆயினும் மறுநாள் பெரட்டுக் களத்தில் அதே பேச்சு. கடைக்காரர் கடன் கொடுக்கத் தயங்குகிறார். மகளைப் பெண் கேட்டு வந்தவர்களும் பின்வாங்குகின்றனர்.

இவர் வழக்குத் தொடுத்தால் மூன்றினை மெய்ப்பிக்க வேண்டும். அச்சொற்கள் பிறர் மதிப்பில் அவரைத் தாழ்த்துவன. அவை அவரையே குறிக்கின்றன. அவை மற்றவர்க்கு வெளியிடப்பட்டன. பெயர் அச்சிடப்படவில்லை என்று பத்திரிகை தப்பிவிட முடியாது. அத்தோட்டத்தில் அப்பதவியில் இருப்பவர் ஒருவரே என்பதால், அறிந்தவர்கள் அவரையே எண்ணுவர். அச்சில் வந்த அவதூறுக்கு, ‘இவ்வளவு பணம் நஷ்டம்’ என்று கணக்குக் காட்டவேண்டிய கட்டாயமும் இல்லை.

“வேண்டுமென்று எழுதவில்லை” என்று கூறினால்?

1908ஆம் ஆண்டில் ‘சண்டே குரோனிக்கள்’ என்னும் ஆங்கில இதழ், ஆர்ட்டிமஸ் ஜோன்ஸ் என்பவர் மனைவியல்லாத ஒரு பெண்ணுடன் பிரான்சு நாட்டில் உல்லாசமாகத் திரிந்ததாக நகைச்சுவையாக எழுதியது. அது கற்பனைப் பெயர் என்றது பத்திரிகை. ஆனால் அதே பெயரில் மெய்யாகவே ஒரு வழக்கறிஞர் இருந்தார். நண்பர்கள் கட்டுரையைப் படித்து அவரையே நினைத்தனர். அவருக்கு 1,750 பவுன் வழங்கப்பட்டது. மேல்முறையீடுகளிலும் பத்திரிகை தோற்றது. எழுதியவரின் எண்ணத்தைவிட, படித்தவர் புரிந்துகொண்டதே முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

எனினும், தக்க கவனம் எடுத்தும் அறியாமல் தவறு நேர்ந்திருந்தால், திருத்தமும் மன்னிப்பும் வெளியிட முன்வரும் வழியை நமது சட்டத்தின் 7ஆம் பிரிவு பத்திரிகைக்கு அளிக்கிறது. பாதிக்கப்பட்டவர் அதனை ஏற்றுக்கொண்டால் வழக்கு இல்லை.

ஊரையே பழித்தால்?

“தோட்டப்புறத்தார் எல்லாரும் குடியர்” என்று ஒருவர் எழுதினால் நம் நெஞ்சு கொதிக்கும். ஆனால் தனியொருவர் அதற்காக வழக்காடி வெல்வது அரிது. உலகெங்கும் உறுப்பினர் கொண்ட ஒரு ருஷ்ய இயக்கத்தை லண்டன் நாளிதழ் ஒன்று பழித்தபோது, அதன் பிரிட்டிஷ் கிளைத் தலைவர் தொடுத்த வழக்கு 1944இல் தோல்வியுற்றது. அச்சொற்கள் தனிப்பட அவரைச் சுட்டவில்லை என்பதே காரணம். இத்தகைய பழிக்கு ஆசிரியருக்கு மறுப்புக் கடிதம் எழுதுவதே தக்க வழி. ஐவர் கொண்ட ஒரு நிர்வாகக் குழுவைப் பழித்தால் நிலைமை வேறு. ஒவ்வொருவரும் தம்மைச் சுட்டியதாகக் காட்ட இயலும்.

பத்திரிகையின் பாதுகாப்பு

எழுதியது உண்மை என்று பத்திரிகை மெய்ப்பித்தால் வழக்கு நிற்காது. பொதுநலம் பற்றிய செய்தியில், உண்மைகளை அடிப்படையாகக் கொண்ட நேர்மையான விமர்சனத்தையும் சட்டம் காக்கிறது. நீதிமன்றத்தில் வெளிப்படையாக நடந்ததை உள்ளவாறே உடனுக்குடன் வெளியிடும் செய்திக்கும் காப்பு உண்டு. இக்காப்புகள் இல்லையேல், தவறு செய்வோரைப் பற்றி எவரும் எழுத முடியாது. ஆகவே, குற்றச்சாட்டு மெய்யாயின் வழக்கை நாடாதிருப்பதே அறிவுடைமை.

நாம் செய்யவேண்டியவை

முதலில் அப்பத்திரிகையைத் தேதியுடன் முழுமையாகப் பாதுகாத்து வையுங்கள். படித்து உங்களையே நினைத்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகம், ரசீது முதலிய சான்றுகளைத் திரட்டுங்கள். பின்னர், திருத்தமும் மன்னிப்பும் கோரி ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பல வேளைகளில் விஷயம் இத்துடன் தீர்ந்துவிடும்.

தீராவிடில் வழக்கறிஞரைக் காணுங்கள். எழுதியவர், ஆசிரியர், வெளியிட்டவர் ஆகியோர் மீது வழக்குத் தொடரலாம். தீபகற்ப மலேசியாவில் இதற்குரிய காலவரம்பு 6 ஆண்டுகள். ஆயினும் தாமதித்தால் சாட்சிகள் சிதறிவிடுவர். தோற்றவர் எதிர்த்தரப்பின் செலவையும் ஏற்க நேரிடும் என்பதை மறவாதீர்கள். வழக்கறிஞருக்கு ஆகும் செலவை முன்கூட்டியே கேட்டறிந்து, குடும்பத்தாருடன் கலந்து முடிவு செய்யுங்கள்.

அந்தப் பொருளாளர் விரும்புவது பெருந்தொகை அன்று. தம்மைத் திருடன் என்று எழுதிய அதே பத்திரிகையில், “அவர் குற்றமற்றவர்” என்ற வரியையும் தோட்டத்து மக்கள் படிக்கவேண்டும் என்பதே அவர் விருப்பம். அவ்வரியைக் கேட்டுப் பெறும் உரிமை, வரிசை வீட்டில் வாழும் தொழிலாளிக்கும் உண்டு.