சுரங்கத்தில் இரண்டு கணக்கு

சுரங்கம் என்ற சொல் நம்மவர்களுக்குப் புதிதல்ல. கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாகப் பாறையைக் குடைந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூடப்பட்ட அந்தச் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம்வரை மனிதன் இறங்கியிருக்கிறான். நெய்வேலியையும் நாம் அறிவோம். அது வானம் பார்த்த திறந்தவெளிச் சுரங்கம். அங்கே கிடைப்பது பழுப்பு நிலக்கரி.

இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று உண்டு. மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச், ஜார்க்கண்டின் ஜாரியா, தெலங்கானாவின் சிங்கரேணி ஆகிய வட்டாரங்களில் காணப்படும் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் அது. தங்கவயலோடு ஒப்பிட்டால் ஆழம் மிகக் குறைவு; சில இடங்களில் நூறு மீட்டர்கூட இராது. ஆழம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. தங்கம் உள்ள பாறை தீப்பற்றாது. கரி தீப்பற்றும், வாயுவைக் கக்கும், அதன் தூசியே வெடிக்கும். தலைக்கு மேலே உள்ள பாறையோ எந்த நேரமும் சரியக் காத்திருக்கும்.

ஜாரியா, ராணிகஞ்ச் பக்கத்துச் சிறு சுரங்கம் ஒன்றில் எட்டு மணி நேர ஷிப்டு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஷிப்டுக்கு நூறு, இருநூறு பேர் இறங்கும் சுரங்கம். அங்கே இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, எத்தனை வண்டி கரி மேலே வந்தது என்ற கணக்கு. மற்றொன்று, எத்தனை ஆள் கீழே போனார்கள், எத்தனை ஆள் திரும்பினார்கள் என்ற கணக்கு. முதல் கணக்கு தவறினால் நஷ்டம். இரண்டாவது தவறினால் ஊரே அழும்.

குமாஸ்தாவின் பேரேடு

சுரங்க வேலை தொடங்குவது கீழே அல்ல. மேலே, ஹாஜரி பாபுவின் மேஜையில். பேரும் எண்ணும் பதிவான பிறகுதான் தொழிலாளி 'பத்தி கர்' என்ற விளக்கு அறைக்குப் போகிறார். தலைக்கவசத்தில் மாட்டும் விளக்கையும் இடுப்பில் கட்டும் பாட்டரியையும் அங்கே வாங்கிக்கொள்கிறார். விளக்குக்கு எண் உண்டு. ஷிப்டு முடிந்தும் ஒரு விளக்கு திரும்பவில்லை என்றால், அதைக் கட்டிக்கொண்டு போன மனிதர் எங்கே என்று தேட வேண்டும்.

நேயர்களில் குமாஸ்தா வேலை பார்ப்பவர்கள் பலர் உண்டு. 'பேரெழுதும் வேலைதானே' என்று தம் தொழிலைத் தாமே குறைத்துப் பேசுவோரும் உண்டு. அவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளட்டும். எந்த நொடியில் கேட்டாலும் நிலத்தடியில் இருப்பவர் ஒவ்வொருவரின் பெயரையும் பேரேடு காட்ட வேண்டும் என்று 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமே விதித்தது. விபத்து நேர்ந்தால் மீட்புப் படையின் கைக்கு வரும் தகவல்களில் முதன்மையானது அதுதான். அதில் ஒரு பெயர் விடுபட்டால், ஒரு மனிதனைத் தேட ஆளில்லை என்று பொருள்.

அடுத்தது சோதனை. பீடி, தீப்பெட்டி, லைட்டர் எதுவும் உள்ளே போகக் கூடாது. புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் கைனியை உள்ளங்கையில் கசக்கி வாயில் அடக்கிக்கொள்வார்கள். விஷவாயு பரவினால் மூச்சுவிட உதவும் கருவி அடங்கிய டப்பா ஒன்றும் இடுப்பில் ஏறுகிறது.

பிறகு இறக்கம். சில சுரங்கங்களில் சரிவுப் பாதை. நடந்தே போக வேண்டும். சிலவற்றில் 'சானக்' எனப்படும் செங்குத்துக் குழி. இரும்புக் கூண்டில் இறங்க வேண்டும். கூண்டை இயக்குபவர் காதால் வேலை செய்கிறார். ஓடும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்து. நிற்கும்போது ஒரு மணி என்றால் ஏற்று. இரண்டு மணி, இறக்கு. மூன்று மணி, 'ஆட்கள் ஏறுகிறார்கள், ஜாக்கிரதை!' கரிக்கு ஒரு மணி, மனிதனுக்கு மூன்று மணி.

தூண்கள் நிறைந்த ஊர்

கீழே போய்ப் பார்த்தால் அது குகை அல்ல. நேர்கோட்டில் தெருக்கள் போட்ட ஊர். கரிப்படலத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் குடைந்து தெருக்களாக்கி, இடையிடையே கரியையே தூண்களாக விட்டுவிடுவார்கள். மேலே உள்ள பூமியைத் தாங்குவது இந்தத் தூண்கள்தாம். தெருவின் அகலம் 4.8 மீட்டருக்கும், உயரம் 3 மீட்டருக்கும் மேற்படக் கூடாது என்பது பொது விதி. ஆழம் கூடக் கூடத் தூணும் பருமனாக வேண்டும்.

கரிச் சுரங்கத்தின் சுவர் வெள்ளையாக இருக்கும் என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். சுண்ணாம்புக்கல் பொடியை வீதியெங்கும் தூவிவைப்பார்கள். அழகுக்காக அல்ல. எங்கேனும் வெடி நேர்ந்தால் கரித்தூசி பற்றிக்கொண்டு தெருத் தெருவாகத் தீ ஓடும். அதனோடு கல்தூசி கலந்துவிட்டால் தீ அடங்கும்.

தெருக்கள் எல்லாம் வெட்டி முடிந்த பிறகு தூண்களையே வெட்டி எடுக்கும் கட்டம் வரும். உட்கோடியிலிருந்து வாசலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே தூணை எடுப்பார்கள். விட்டு வந்த இடத்தில் கூரை இடிந்து விழும்படி விடுவார்கள். வீட்டுக்குள் நின்றுகொண்டே வீட்டின் தூண்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது போன்ற வேலை இது! அனுபவசாலிகள் இங்கே மரக் கம்பங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். பாரம் ஏறினால் மரம் முனகும். அந்த முனகல்தான் எச்சரிக்கை.

தட்டிக் கேட்பவர்

சுரங்கத்துப் பாஷையில் கூரைக்குச் 'சால்' என்று பெயர். சால் விழுந்தது என்ற செய்தி வந்தால் தொழிலாளர் குடியிருப்பான 'தவுடா'வில் அடுப்பு எரியாது.

சாலைக் கவனிக்கும் பொறுப்பு சர்தாருடையது. இவர் பஞ்சாபிச் சர்தார் அல்ல. தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற்ற சுரங்க சர்தார். தொழிலாளர்களுக்கு முன்பே அவர் தம் பகுதியைச் சுற்றிவருகிறார். கையில் தடி. கூரையைத் தட்டுகிறார். கெட்டியான பாறை 'ணங்' என்று ஒலிக்கும். உள்ளே பிளவு கண்ட பாறை ஓட்டைப் பானை போலப் பொத்தென்று ஒலிக்கும். அப்படி ஒலித்தால் நீண்ட கடப்பாரையால் அந்தக் கல்லைத் தள்ளி விழச்செய்ய வேண்டும். அல்லது முட்டுக் கொடுக்க வேண்டும். இப்போதெல்லாம் கூரையில் துளையிட்டு நீண்ட எஃகு ஆணிகளை இறக்கிப் பாறை அடுக்குகளைத் தைத்துவிடும் முறை பரவிவிட்டது. ஆனாலும் தட்டிப் பார்ப்பது நின்றபாடில்லை.

அடுத்து வாயு. மீதேன் காற்றைவிட லேசானது, கூரையோரம் தங்கும். காற்றில் அதன் அளவு 5 முதல் 15 சதவீதம்வரை இருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். 1.25 சதவீதத்தை எட்டினாலே ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது விதி. பல்லாண்டுக் காலம் இதைக் கண்டுபிடித்துச் சொன்னது கம்பிவலை போட்ட ஒரு சிறு எண்ணெய் விளக்கு. மீதேன் இருந்தால் அதன் சுடருக்கு மேலே நீலத் தொப்பி தெரியும். சுடர் மங்கி அணைந்தால் அங்கே பிராணவாயு இல்லை என்று அறிந்துகொள்வார்கள். பின்னாளில் மின்கருவிகள் வந்தன.

இதையெல்லாம் பார்த்து, எழுதி, கையெழுத்திட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும்.

வெடியும் கூடையும்

கரிச்சுவரில் துளையிட்டு, வெடிமருந்தைத் திணித்து, களிமண்ணால் அடைக்கிறார்கள். ஆட்கள் பாதுகாப்பான திருப்பத்துக்கு விலகியதும் வெடிப்பவர் எச்சரிக்கைக் குரல் கொடுத்து வெடிக்கிறார். புகை விலக வேண்டும். வெடி கூரையை உலுக்கியிருக்கும். ஆகவே சர்தார் மறுபடியும் தட்டிப் பார்க்க வேண்டும். அதன் பிறகே லோடர்கள் நெருங்கலாம்.

லோடர் என்பவர் உதிர்ந்த கரியை மண்வெட்டியால் அள்ளிக் கூடையில் நிரப்பி, தலைமேல் சுமந்து, 'டப்' எனப்படும் இரும்பு வண்டியில் கொட்டுபவர். ஒரு டப் சுமார் ஒரு டன் கொள்ளும். பல சுரங்கங்களில் இயந்திரங்கள் இந்தக் கூடையை ஓய்வுபெறச் செய்துவிட்டன. ஆனால் நெடுங்காலம் இந்தியாவின் கரி கூடையில்தான் ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணவன் கரி வெட்ட, மனைவி கூடை சுமந்தாள். 1929இல் வந்த விதிகள் பெண்களைப் படிப்படியாக நிலத்தடியிலிருந்து விலக்கின. இரண்டாம் உலகப் போரின்போது தடை சிறிது காலம் தளர்ந்தது. பிறகு 2019இல்தான், நிபந்தனைகளோடு, பெண்களுக்கு நிலத்தடி வேலைக்குக் கதவு திறந்தது.

லோடருக்கு டப் கணக்கில் கூலி. இங்கேதான் இரண்டு கணக்கும் மோதுகின்றன! வெடித்த கரி கண்ணெதிரே குவிந்து கிடக்கிறது. காலி டப் வந்து நிற்கிறது. நேரம் ஓடுகிறது. சர்தார் வந்து தட்டிப் பார்க்கக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரம் கூலியில் குறையும். 'என்ன ஆகிவிடப் போகிறது' என்று ஒருவர் முன்னே கால் வைக்கிறார். ஒன்பது நாள் ஒன்றும் ஆகாது. பத்தாம் நாள் சால் விழும். மேலிடத்துக்கும் இதே ஆசை உண்டு. உற்பத்தி இலக்கை எட்ட வேண்டும் என்ற அவசரத்தில் 'முட்டுக் கொடுப்பதை அடுத்த ஷிப்டு பார்த்துக்கொள்ளட்டும்' என்று ஓர் அதிகாரி சொல்லக்கூடும். முடியாது என்று மறுக்கும் துணிவு உள்ள சர்தார்தான் நல்ல சர்தார்.

மறதியின் விலை

கூரைக்கு அடுத்த எதிரி தண்ணீர். ராணிகஞ்சில் 1774ஆம் ஆண்டிலேயே கரி தோண்டத் தொடங்கிவிட்டார்கள். கைமாறிய சுரங்கங்கள், கைவிட்ட குழிகள், சரியான வரைபடம் இல்லாத பழைய தெருக்கள் ஏராளம். அவற்றில் நீர் நிரம்பிக் கிடக்கிறது. பக்கத்தில் புதிதாக வெட்டுபவருக்கு அது தெரியாமல் போகலாம். ஆகவேதான் பழைய பகுதியிலிருந்து 60 மீட்டருக்குள் வெட்டுவதானால் தனி அனுமதி வேண்டும், முன்கூட்டித் துளையிட்டுப் பார்த்துக்கொண்டே முன்னேற வேண்டும் என்று விதி செய்தார்கள்.

1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலாவில், தேங்கிக் கிடந்த நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 375 பேர் மாண்டனர். 2001 பிப்ரவரி 2 அன்று ஜாரியாவின் பாக்டிகியில் அதே கதை. 29 பேர் பலியானார்கள்.

மனம் ஆறுதல் கொள்ளவும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1989 நவம்பர் 13 அன்று ராணிகஞ்ச் மகாபீர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது 71 பேர் கீழே சிக்கிக்கொண்டனர். மேலிருந்து புதிய துளை போட்டு, ஒரே ஆள் நிற்கக்கூடிய எஃகுக் கூண்டு ஒன்றைச் செய்து இறக்கினார்கள். ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர் தாமே அதில் இறங்கினார். ஒவ்வொருவராக, எண்ணி எண்ணி, 65 பேரை மேலே அனுப்பினார். ஆறு பேரை மட்டும் உயிரோடு மீட்க முடியவில்லை.

சுருங்கும் சுரங்கம்

நிலக்கரிச் சுரங்கங்கள் 1972, 1973 ஆண்டுகளில் தேசியமயமானபோது நாட்டின் கரியில் பெரும்பகுதி நிலத்தடியிலிருந்துதான் வந்தது. இன்று நிலைமை தலைகீழ். 2022-23ஆம் ஆண்டில் கோல் இந்தியா எடுத்த சுமார் 70 கோடி டன்னில் நிலத்தடிச் சுரங்கங்களின் பங்கு சுமார் இரண்டரைக் கோடி டன்தான். மற்றதெல்லாம் திறந்தவெளிச் சுரங்கம். டன்னுக்கு ஆகும் செலவைப் பார்த்தால் சிறு சுரங்கங்கள் தாக்குப்பிடிப்பது கடினம், பல மூடப்பட்டுவிட்டன.

மிஞ்சி இருப்பவற்றில் ஷிப்டு இன்றும் மாறி மாறி நடக்கிறது. முகமெல்லாம் கரியாகத் தொழிலாளர்கள் மேலே வருகிறார்கள். விளக்குகளை ஒப்படைக்கிறார்கள். டப் கணக்கு பெரிய ஆபீசுக்குப் போகிறது. அது கூடலாம், குறையலாம். ஹாஜரி பாபுவோ தம் பேரேட்டில் விரலை வைத்துப் பெயர் பெயராகச் சரிபார்க்கிறார். கடைசிப் பெயருக்கும் குறி விழுந்த பிறகே அவர் பேனாவை மூடலாம்.