மயில் மேல் முடிந்த பாட்டு

ஏழாயிரம்பண்ணையைச் சுற்றியுள்ள கரிசல் சீமையில் அம்மன் கோயில் பொங்கல் என்றால், "இன்று இரவு வள்ளி திருமணம்!" என்று ஒலிபெருக்கி அலறினால் போதும். பாயும் போர்வையுமாக ஜனங்கள் மேடை முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் பபூன் வருவார். ஒரு பாட்டு, நாலு கேலி! பட்டாசுச் சரம் கொளுத்தினாற்போல் சிரிப்பு வெடிக்கும்.

இதுதான் 'ஸ்பெஷல் நாடகம்'. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. ஆனாலும் விடிய விடிய நாடகம் தடையின்றி நடக்கும். ரகசியம் என்ன தெரியுமா? எல்லோருக்கும் பாடம் ஒன்றே. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த பாடம்!

ஸ்பெயின் தேசத்திலும் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட சகோதரி உண்டு. பெயர் 'ஸார்ஸுவேலா'. பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும். 17-ஆம் நூற்றாண்டில் மாட்ரிட் நகருக்கு அருகே, அதே பெயர் கொண்ட அரண்மனையில் வளர்ந்த கலை, நாளடைவில் தெருவுக்கு இறங்கிற்று. 1894-ல் அரங்கேறிய ஒரு புகழ்பெற்ற நாடகத்தில், பேட்டைத் திருவிழாவுக்குக் கிளம்பும் கிழ மருந்துக் கடைக்காரரின் காதல் சபலந்தான் வேடிக்கை!

நம் மேடையிலோ சிரிப்புக்குப் பின்னால் சிறைச்சாலையும் இருந்தது.

பக்கத்துச் சிவகாசியில் 1886-ல் பிறந்தவர் விசுவநாத தாஸ். முடிதிருத்தும் குலத்தவர் என்று, அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் உண்டு. அவர் குரலை யார் மறுக்க முடியும்? வள்ளி திருமணத்தில் தினைப்புனம் வரும். பறவை விரட்டும் பாட்டும் வரும். அவர் பாட்டில் பறந்ததோ வெள்ளைக் கொக்கு! அந்த வெள்ளை யாரென்று ஜனங்களுக்குப் புரிந்தது, கைகொட்டிச் சிரித்தார்கள். போலீசாருக்கும் புரிந்தது; கைது செய்தார்கள். ஒருமுறையல்ல, பலமுறை. வெளியே வந்ததும் மறுபடி வேஷம், மறுபடி அதே பாட்டு!

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர். முருகன் வேஷத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தார் தாஸ். திடீரென்று பாட்டு நின்றது. அப்படியே சாய்ந்தார். வேஷம் கலையுமுன்பே உயிர் பிரிந்துவிட்டது.

திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. இன்றும் நம் பக்கத்துத் திருவிழா மேடையில் வள்ளி தினைப்புனம் காக்கிறாள், பறவை விரட்டுகிறாள். அடுத்த பொங்கலுக்குப் பாய் விரிக்கும்போது, அந்தக் கொக்கையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்!