குளிர்கால இரவில் பச்சிளங்குழந்தை: உடுத்துவதும் பாலூட்டுவதும் ஒரே பணி

வட இந்தியச் சமவெளியில் டிசம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி இறுதி வரை இரவு வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. தில்லி, பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய பகுதிகளில் பெரும்பாலான வீடுகள் அறையைச் சூடாக்கும் வசதி இல்லாதவை. பிறந்து சில நாட்களோ சில வாரங்களோ ஆன குழந்தை உள்ள வீடுகளில் இந்த இரவுகள் இரண்டு கேள்விகளை எழுப்புகின்றன. குழந்தைக்கு எத்தனை ஆடை அணிவிப்பது? நன்றாகப் போர்த்தி உறங்கவைத்த குழந்தையை எழுப்பிப் பாலூட்டுவது தேவையா?

இவற்றைத் தனித்தனியாகக் கருதுவதே வழக்கம். ஆனால் பச்சிளங்குழந்தையின் உடலைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கேள்விதான். ஆடை வெப்பத்தை உண்டாக்குவதில்லை; உடலில் உள்ள வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. அந்த வெப்பத்தை உண்டாக்கத் தேவையான ஆற்றல் தாய்ப்பாலிலிருந்து வருகிறது. ஆகவே, பாலூட்டுவதற்கு இடையூறு செய்யும் ஆடை எவ்வளவு கனமானதாக இருந்தாலும் குளிருக்கு முழுமையான பாதுகாப்பு ஆகாது.

2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 35 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறக்கின்றன. அவற்றுள் சுமார் 25 மரணங்கள் முதல் 28 நாட்களுக்குள் நிகழ்கின்றன. உடல் குளிர்ந்துபோவது மட்டுமே இதற்குக் காரணம் அன்று. எனினும் எடை குறைந்து பிறந்த குழந்தையிடமும் நோய்த்தொற்றுக்கு ஆளான குழந்தையிடமும் அது நிலைமையை விரைவாக மோசமாக்குகிறது.

குளிர் விரைந்து தாக்குவது ஏன்?

பச்சிளங்குழந்தையின் எடையோடு ஒப்பிடும்போது அதன் தோலின் பரப்பு பெரியவர்களைவிட மிக அதிகம். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு குறைவு. உடலில் தலையின் பங்கு பெரிது என்பதால் தலை வழியாகவும் வெப்பம் கணிசமாக வெளியேறுகிறது. பெரியவர்கள் நடுங்குவதன் மூலம் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்வர். பச்சிளங்குழந்தைக்கு அத்திறன் ஏறக்குறைய இல்லை. தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தே அது வெப்பத்தைப் பெறுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையிடம் இந்தச் சேமிப்பும் சொற்பமே.

இக்கொழுப்பை எரிக்க ஆற்றலும் பிராணவாயுவும் வேண்டும். குளிர்ந்த குழந்தை சோர்வடைகிறது. சோர்ந்த குழந்தை வலுவாகப் பால் உறிஞ்சுவதில்லை. பால் குறைந்தால் இரத்தத்தில் சர்க்கரை குறைகிறது, வெப்பம் உண்டாவதும் குறைகிறது. இந்தச் சுழல் தொடங்கிய குழந்தை அழுது ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. அமைதியாக உறங்குவதுபோலவே தோன்றும். குளிர்கால இரவில் "குழந்தை நன்றாகத் தூங்குகிறது" என்று நிம்மதி அடைவதற்கு முன் அதன் உடலைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

இரவுப் பாலின் பணி

பிறந்த முதல் வாரங்களில் குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் தேவைப்படுகிறது. அதன் இரைப்பை மிகச் சிறியது. தாய்ப்பாலோ எளிதில் செரிப்பது. பகல், இரவு என்ற பாகுபாடும் குழந்தையின் உடலுக்கு அப்போது தெரியாது. அந்த உடற்கடிகாரம் இரண்டு, மூன்று மாதங்களில்தான் உருப்பெறத் தொடங்குகிறது.

தாயின் உடலோ இரவை அறிந்திருக்கிறது. பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்னும் இயக்குநீர் இரவு நேரத்தில் கூடுதலாகச் சுரக்கிறது. எனவே இரவில் பாலூட்டுவது அடுத்த நாளின் பால் அளவையும் காக்கிறது. உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் பகல் நேரத் தாய்ப்பாலில் ஏறக்குறைய இருப்பதில்லை. இரவுப் பாலில் காணப்படுகிறது. தூக்கம் கலையக்கூடாது என்று இரவில் பாலூட்டுவதைத் தவிர்த்து, புட்டிப்பாலுக்கு மாறும் வீடுகளில் சில நாட்களிலேயே "பால் போதவில்லை" என்ற குறை எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடை குறைந்து பிறந்த குழந்தையை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பியாவது பாலூட்ட வேண்டும். பிறப்பு எடையை மீண்டும் எட்டி, சீராக எடை கூடிவரும் நிறைமாதக் குழந்தையைப் பொறுத்தவரை, அது பசித்து விழிக்கும்போது ஊட்டினால் போதும். முதல் வாரத்துக்குப் பின் நாளொன்றுக்கு குறைந்தது ஆறு முறை சிறுநீர் கழிப்பது பால் போதுமான அளவு கிடைக்கிறது என்பதற்கு வீட்டிலேயே காணத்தக்க அடையாளம். ஆறு மாதம் நிறைவடையும் வரை வெந்நீரோ ஜன்ம குட்டி போன்ற மருந்து நீரோ தேனோ தேவையில்லை. தேன் ஓராண்டு வரை கொடுக்கவே கூடாது.

எந்த ஆடை, எத்தனை அடுக்கு?

அதே அறையில் பெரியவர் ஒருவர் இதமாக உணர எத்தனை அடுக்கு ஆடை அணிகிறாரோ, அதைவிட ஓர் அடுக்கு கூடுதலாகக் குழந்தைக்கு அணிவிப்பது பொதுவான அளவுகோல். சூடாக்கப்படாத வீட்டில் பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் மேலும் ஓர் அடுக்கு தேவைப்படலாம். கனமான ஒரே ஆடையைவிட மெல்லிய பல அடுக்குகள் மேலானவை. அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்றே வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. உடலை ஒட்டிய அடுக்கு மென்மையான பருத்தியாக இருக்க வேண்டும். கம்பளி நேரடியாகத் தோலில் பட்டால் தடிப்பு உண்டாகலாம்.

இரவு ஆடையைத் தேர்ந்தெடுக்கும்போது, பாதித் தூக்கத்தில், மங்கிய வெளிச்சத்தில், குளிரில் அதைக் கையாளப்போகும் தாயையும் கருதிப் பார்ப்பது அவசியம். முன்புறம் திறக்கும் ஜப்லா, காற்சட்டைப் பகுதியை மட்டும் தனியே அவிழ்க்கக்கூடிய ஆடை ஆகியவை குழந்தையின் மார்பைக் குளிரில் திறந்துவைக்காமல் ஈரத்துணியை மாற்ற உதவும். தலைவழியாக அணிவிக்கும் இறுக்கமான ஆடை ஒவ்வொரு முறையும் குழந்தையின் முழு உடலையும் குளிருக்குத் திறந்துவிடுகிறது. கழுத்தருகே நீண்ட நாடா, தளர்ந்த பொத்தான், ஊக்கு ஆகியவை இரவு ஆடையில் இருக்கக் கூடாது. ஈரமான ஆடை உடலின் வெப்பத்தை விரைவில் உறிஞ்சிவிடும் என்பதால், எத்தனை அடுக்கு இருந்தாலும் நனைந்ததை உடனே மாற்றியாக வேண்டும்.

துணியில் சுற்றும் வழக்கத்திலும் கவனம் தேவை. கால்களை நீட்டி இறுகக் கட்டினால் இடுப்பு மூட்டு விலகும் ஆபத்து உண்டு. கால்கள் மடங்கி விரிய இடம் இருக்க வேண்டும். மிகவும் இறுகச் சுற்றப்பட்ட குழந்தை பசித்தாலும் எளிதில் விழிக்காது. குழந்தை புரள முயலத் தொடங்கியதும் துணியில் சுற்றுவதை முற்றிலும் நிறுத்திவிட வேண்டும்.

பலரும் அறியாத மற்றோர் ஆபத்து பெட்டியிலிருந்து எடுக்கும் பழைய கம்பளி ஆடைகளில் உள்ளது. மூத்த குழந்தைகள் அணிந்தவற்றைப் பாச்சை உருண்டை எனப்படும் நாப்தலீன் இட்டுப் பாதுகாப்பது பரவலான வழக்கம். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைக்கு இந்த நாப்தலீன் ஆவி சிவப்பணுக்களைச் சிதைத்து, மூளையைப் பாதிக்கும் அளவுக்குக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும். பெரும்பாலான குடும்பங்களுக்குத் தம் குழந்தையிடம் அக்குறைபாடு உள்ளதா என்பது தெரிந்திருக்காது. எனவே குழந்தைக்கான துணிகளில் நாப்தலீனை இடாமல் இருப்பதே பாதுகாப்பானது.

கையுறை மறைக்கும் பசி

அழுகை என்பது பசியின் முதல் அடையாளம் அன்று, கடைசி அடையாளம். அதற்கு முன்பே குழந்தை உதட்டைச் சப்புகிறது, தலையைத் திருப்பி மார்பைத் தேடுகிறது, கையை வாய்க்குக் கொண்டுசெல்கிறது. நாள் முழுவதும் கையுறை அணிவித்து, மேலே கனமான துணியும் போர்த்தினால் இந்த அடையாளங்கள் தாயின் கண்ணில் படுவதில்லை. அழுது களைத்த குழந்தை மார்பைச் சரியாகப் பற்றுவதும் கடினம். கையுறை தேவைப்படும் அளவுக்குக் குளிர் இருந்தாலும் பாலூட்டும் நேரத்தில் அதைக் கழற்றிவிடலாம். உட்புறம் நூல் பிரிந்த கையுறையும் காலுறையும் பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் என்பதால், அணிவிக்கும் முன் அவற்றைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

ரஜாயும் அங்கீட்டியும்

குளிருக்கு அஞ்சிக் குழந்தையைப் பெரியவர்களின் ரஜாய்க்குள் முழுவதுமாக மூடிவைப்பது மூச்சுத்திணறலுக்கு வழிவகுக்கும். குழந்தையின் போர்வை மார்பளவுக்கு மேல் வரக் கூடாது. தலையணை, தளர்ந்த போர்வை, பஞ்சுப் பொம்மை ஆகியவை முகத்தருகே வேண்டாம். குல்லாய் தலையில் பொருந்தி நிற்க வேண்டும். கண்ணுக்கும் மூக்குக்கும் நழுவிவரும் குல்லாய் ஆபத்தானது. அறை இதமாக இருந்தால் உறங்கும் குழந்தைக்கு அது தேவையும் இல்லை.

மூடிய அறைக்குள் கரி எரியும் அங்கீட்டியை வைத்து உறங்குவதால் குடும்பத்தினர் உயிரிழக்கும் செய்திகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகின்றன. அதிலிருந்து வெளியேறும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. உறங்கச் செல்லும் முன் அங்கீட்டியை வெளியே வைத்துவிட வேண்டும். வெந்நீர்ப் பையைக் குழந்தையின் அருகில் வைப்பதும் தீப்புண்ணை உண்டாக்கும்.

ஒரே படுக்கையில் உறங்கலாமா?

தாயின் அறையிலேயே, ஆனால் தனியான, உறுதியான, சமமான படுக்கையில் குழந்தை மல்லாந்து உறங்குவதை அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி பரிந்துரைக்கிறது. மறுபுறம், இடர்கள் இல்லாத சூழலில் பாலூட்டும் தாயுடன் குழந்தை படுக்கையைப் பகிர்வது குறித்து குடும்பத்துடன் வெளிப்படையாகப் பேசி வழிகாட்ட வேண்டும் என்பது தாய்ப்பால் மருத்துவ அகாடமியின் நிலைப்பாடு. ஓர் அறையே வீடாக உள்ள இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் தனிப்படுக்கை எளிதன்று.

இரு தரப்பும் ஒன்றுபடும் இடங்கள் தெளிவானவை. குறைமாதத்தில் அல்லது எடை குறைந்து பிறந்த குழந்தையுடன் படுக்கையைப் பகிர்வது ஆபத்து மிகுந்தது. புகைபிடிப்பவர், மது அருந்தியவர், மயக்கம் தரும் மருந்து உட்கொண்டவர் ஆகியோர் அருகில் குழந்தை உறங்கக் கூடாது. சோபாவில் சாய்ந்தபடி பாலூட்டிக்கொண்டே உறங்கிவிடுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. படுத்தபடி ஊட்டும் தாய் பக்கவாட்டில் படுத்து, ரஜாயைத் தன் இடுப்பளவில் நிறுத்தி, மேலுடலுக்கு முன்புறம் திறக்கும் கம்பளிச் சட்டை அணிந்துகொள்ளலாம். ஊட்டி முடிந்ததும் குழந்தையை மல்லாத்திப் படுக்கவைக்க வேண்டும்.

மிகச் சிறந்த ஆடை

எடை குறைந்த குழந்தைக்குத் தாயின் வெறும் மார்பைவிட மேலான இரவு ஆடை இல்லை. கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் 1978ஆம் ஆண்டு இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய கங்காரு முறைப் பராமரிப்பு, இன்று இந்திய அரசு மருத்துவமனைகளிலும் நடைமுறையில் உள்ளது. இடைத்துணி, குல்லாய், காலுறை மட்டும் அணிந்த குழந்தை தாயின் மார்பகங்களுக்கு இடையே நிமிர்ந்த நிலையில் அணைக்கப்பட்டுத் துணியால் கட்டப்படுகிறது. மேலே தாயின் சட்டையும் சால்வையும். குழந்தைக்கு வெப்பமும் பாலும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. தந்தையோ பாட்டியோ கூட இவ்வாறு அணைத்துக்கொள்ளலாம்.

இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்கும் குறைவான எடையுடன் பிறந்த குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனேயே இம்முறையைத் தொடங்கியபோது, உடல்நிலை சீரான பிறகு தொடங்கியதைவிட 28 நாட்களுக்குள் நிகழும் மரணங்கள் 25 சதவீதம் குறைந்தன. இந்தியாவில் இந்த ஆய்வு தில்லியின் சஃப்தர்ஜங் மருத்துவமனையில் நடைபெற்றது.

தொட்டு அறியும் முறை

வெப்பமானி இல்லாத வீட்டிலும் புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டு நிலைமையை அறியலாம். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் குழந்தை நலமாக உள்ளது. வயிறு வெதுவெதுப்பாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. உடனே மார்போடு அணைத்துப் போர்த்தி, பாலூட்ட வேண்டும். இரண்டுமே குளிர்ந்திருந்தால் அது அவசரநிலை. அக்குளில் வைத்த வெப்பமானி 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை காட்டுவது இயல்பு. கழுத்தின் பின்புறம் வியர்த்தும் முகம் சிவந்தும் இருந்தால் அடுக்கு அதிகமாகிவிட்டது என்று பொருள். ஆடையைக் குறைத்தும் சூடு தணியாவிட்டால் அது காய்ச்சலாக இருக்கலாம்.

பால் குடிக்க மறுத்தல், தொட்டு எழுப்பினாலும் சோர்ந்து கிடத்தல், நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குதல், விலா உள்ளிழுத்தல், வலிப்பு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் போக்குவரத்தும் இலவசம். கொண்டுசெல்லும் வழியிலும் குழந்தை தாயின் மார்போடு ஒட்டியே இருக்க வேண்டும்.

குடும்பத்தின் பங்கு

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பது தேசிய சுகாதார இயக்கத்தின் நடைமுறை. எடையும் வெப்பநிலையும் பார்க்கும் அவரிடம் இரவு ஆடை, இரவுப் பாலூட்டல் பற்றிய ஐயங்களையும் கேட்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்டோரில் தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகளின் அளவு 2015-16இல் 54.9 சதவீதமாக இருந்து 2019-21இல் 63.7 சதவீதமாக உயர்ந்துள்ளது. எஞ்சிய குழந்தைகளுக்கும் அது கிடைப்பது பெரும்பாலும் வீட்டில் உள்ளோரின் துணையைப் பொறுத்தது.

நள்ளிரவில் பாலூட்டத் தாயால் மட்டுமே இயலும். ஈரத்துணியை மாற்றுவது, தோளில் போட்டு ஏப்பம் வரவைப்பது, உலர்ந்த ஆடையைக் கைக்கெட்டும் இடத்தில் எடுத்துவைப்பது, தாய்க்கு ஒரு குவளை வெந்நீர் தருவது ஆகியவற்றை வீட்டில் உள்ள எவரும் செய்யலாம். அவ்வாறு செய்யும் வீட்டில், அடுத்த முறை குழந்தை கையை வாய்க்குக் கொண்டுபோகும்போது அதைக் கவனித்து எழும் அளவுக்குத் தாயிடம் தெம்பு மிஞ்சியிருக்கும்.