நேராவே கேட்டுடலாமா?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. ஆஃபர் வாங்கினவங்க போட்டோவோட மெயின் கேட்ல ஃபிளெக்ஸ் ஏறும். அதே வாரம் ஹாஸ்டல்ல யாரோ ஒருத்தர் மெஸ்ஸுக்கு வர்றதை நிறுத்தியிருப்பாங்க. அது உங்க ரூம்மேட்டாவும் இருக்கலாம்.

தூக்கம் கெடுறது, லேப் கட் அடிக்கிறது எல்லாம் நம்ம எல்லாருக்கும் உண்டு. ரெண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தா கவனிக்கணும். ஆனா "நான் இல்லன்னா வீட்டுக்குப் பாரம் குறையும்" மாதிரி பேச்சு வந்தா, ஆசையா வச்சிருந்த பொருளையெல்லாம் தூக்கிக் கொடுத்தா, ஒரு நாள்கூட காத்திருக்கக் கூடாது.

அப்போ நேரா கேளுங்க: "சாகணும்னு தோணுதா?" அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்க. கேட்டா இல்லாத எண்ணத்தை நாமளே விதைச்சிடுவோமோன்னு பயம் வரும். அது தவறான நம்பிக்கைன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. வெளிப்படையா பேசும்போது, முடிவை மறுபடி யோசிக்க அவங்களுக்கு நேரம் கிடைக்குது. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லல்ல?"ன்னு கேட்டா, "இல்ல"ன்னுதான் பதில் வரும். நாம எதிர்பார்க்கிறதும் அதுதானே!

"ஆமா"ன்னு சொன்னா அட்வைஸ் வேண்டாம். மோட்டிவேஷன் வீடியோ தயவுசெஞ்சு வேண்டாம். தனியா விடாம, பக்கத்துல உட்கார்ந்து 14416-க்கு போன் போடுங்க. அது 2022 அக்டோபர்ல மத்திய அரசு தொடங்கின டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம், நண்பருக்காக நீங்களும் கூப்பிடலாம். உடனடி ஆபத்துன்னா 108. "யார்கிட்டயும் சொல்லாத"ன்னு வாங்கின சத்தியத்தை இங்க மீறலாம், மீறணும்.

போலீஸ் கேஸ் ஆகிடுமோன்னு பயந்து மறைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. 2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 115-ம் பிரிவைப் பாருங்க. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்துல இருந்ததாத்தான் கருதணும், விசாரிச்சு தண்டிக்கக் கூடாதுன்னு இருக்கு.

காலேஜுக்கும் பொறுப்பு உண்டு. 100 பேரோ அதுக்கு மேலயோ படிக்கிற இடத்துல தகுதியான கவுன்சிலர் ஒருத்தராவது இருக்கணும், ஹெல்ப்லைன் நம்பரை ஹாஸ்டல்லயும் கிளாஸ்லயும் கண்ணுல படுற மாதிரி ஒட்டணும்னு 2025 ஜூலைல உச்ச நீதிமன்றம் சொல்லிருக்கு. (கவுன்சிலர் ரூம் ஹெச்ஓடி ரூமுக்கு எதிர்லயே இருந்தா யார் போவா, சொல்லுங்க?)

நாளைக்கு மெஸ் மெனு பார்க்கப் போகும்போது நோட்டீஸ் போர்டுல அந்த நம்பர் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா ஒரு ஏ4 பேப்பர், ஒரு மார்க்கர் போதும். வார்டன் கேட்டா உச்ச நீதிமன்றம் சொன்னதுன்னு சொல்லிக்கலாம்.