கரிக்குருவி: வயல்வெளியின் காவலன்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் சாலையில், பாலுசெட்டிச்சத்திரத்தை அடுத்துள்ளது திருப்புட்குழி. ‘புள்’ என்றால் பறவை. சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த தலம் இதுவே என்பது அவ்வூர்ப் பெருமாள் கோவிலின் மரபு. பறவையின் பெயரைத் தாங்கிய அவ்வூர்ப் பக்கத்து வயல்களில் இன்று எளிதில் காணக்கூடிய பறவைகளுள் ஒன்று கரிக்குருவி. கரிச்சான், இரட்டைவால் குருவி, வலியான் என்றும் இதனை அழைப்பர்.

உடல் முழுவதும் பளபளக்கும் கருமை. நீளம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். வால் மீனின் வாலைப்போல் இரண்டாகப் பிளந்திருக்கும். கடைவாயில் சிறியதொரு வெண்புள்ளி உண்டு. ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றே. இளம் பறவைகளுக்கு மட்டும் வயிற்றில் வெண்ணிறக் கீற்றுகள் காணப்படும்.

அடர்ந்த காட்டைவிடத் திறந்தவெளியையே இது விரும்புகிறது. மின்கம்பியிலோ, மேயும் மாட்டின் முதுகிலோ அமர்ந்து, வெட்டுக்கிளி, ஈசல், அந்துப்பூச்சி முதலியவற்றைப் பாய்ந்து பிடிக்கும். அதிகாலைத் திருப்பலிக்கு எழுவோர், மணியோசைக்கு முன்னரே இதன் குரலைக் கேட்டிருப்பர்.

கோடையிலும் அதையடுத்த மாதங்களிலும் இது கூடு கட்டும். கிளைக்கவரில் மெல்லிய குச்சிகளையும் புல்லையும் சிலந்தி நூலால் பிணைத்துக் கிண்ணம்போல் அமைக்கும். மூன்று அல்லது நான்கு முட்டைகளைத் தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். சுமார் 15 நாட்களில் குஞ்சு வெளிவரும். அதன்பின் மூன்று வாரங்களுக்குள் கூட்டைவிட்டுப் பறக்கும். கூட்டை நெருங்கும் காகத்தையும் பருந்தையும்கூட அஞ்சாது விரட்டும். அதனால்தான் புறாவும் கொண்டைக்குருவியும் மாங்குயிலும் இதன் அருகிலேயே கூடு கட்டி, அதன் காவலில் தம் குஞ்சுகளை வளர்க்கின்றன. தன் வீட்டைக் காப்பவன் அண்டை வீட்டையும் காக்கின்றான்!

ஆனால், நாம் அளவின்றித் தெளிக்கும் பூச்சிமருந்து இதன் உணவை அழிப்பதோடு, நஞ்சுண்ட பூச்சியின் வழியாக இதன் உடலிலும் ஏறுகின்றது. கூலி கேளாமல் உழைக்கும் வேலையாளுக்கு நாமே நஞ்சிடலாமா? மருந்தைக் கையிலெடுக்குமுன், பயிரைவிடச் சற்றே உயரமான குச்சிகளைக் குறுக்குக் கட்டை வைத்து வயலில் நட்டுப் பாருங்கள். எக்டருக்கு 50 போதும். அவற்றில் கரிக்குருவி வந்தமர்ந்து புழுக்களைத் தின்னும். கதிர் முற்றும் பருவத்தில் அவற்றை அகற்றிவிடுங்கள். இல்லையேல் தானியம் தின்னும் பறவைகள் வந்து அமரும்.

நாளைக் காலை உங்கள் பிள்ளைகளை வயலோரம் அழைத்துச் சென்று, இந்த எளிய காவலனைக் காட்டுங்கள். அறிந்ததையன்றோ அவர்கள் காப்பார்கள்!