ஒரு ரூமும் அஸ்வெசும பட்டியலும்

வெலிமடையில் உருளைக்கிழங்குப் பாத்திகளைக் கடந்து, பண்டாரவளை வழியாக எல்லவை நெருங்க நெருங்க, ‘ஹோம்ஸ்டே’ பலகைகள் கூடிக்கொண்டே போகும். முன்னறைக்குப் பெயின்ட் அடித்து, குளியலறையில் கீசர் மாட்டி, கட்டிலில் வெள்ளை விரிப்பைப் போட்டால் தொழில் தொடங்கிவிட்டது. ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வருகிறவர்கள் அறையைத் தேடி வருவார்கள்.

அந்த வீட்டுக்கு அஸ்வெசும கிடைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

சமுர்த்தி என்ற பழைய உதவித் திட்டத்துக்குப் பதிலாக 2023 ஜூலையில் தொடங்கிய இலங்கை அரசின் நலன்புரித் திட்டம் இது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 அளவுகோல்களைக் கொண்டு குடும்பங்களை மதிப்பிடுகிறார்கள். மின்பாவனையும் அவற்றில் ஒன்று. தெரிவான குடும்பங்கள் நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டன. 2025 ஜனவரியில் மிக வறிய குடும்பத்துக்கான மாதக் கொடுப்பனவு 15,000 ரூபாவிலிருந்து 17,500 ஆகவும், வறிய குடும்பத்துக்கானது 8,500இலிருந்து 10,000 ஆகவும் உயர்ந்தது.

இங்கேதான் சிக்கல். அறை வாடகை பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும் காசு. திட்டம் பார்ப்பதோ பெரும்பாலும் நிலையாக நிற்பவற்றை: தரை, சுவர், வாகனம், மின்பட்டியல். விருந்தாளிக்காகப் போட்ட சீமெந்துத் தரையும் கீசர் இழுக்கும் அலகுகளும், வருமானம் கைக்கு வருமுன்பே வசதிக் கணக்கில் ஏறிவிடலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபா பெறும் குடும்பத்துக்கு வருடத்தில் 120,000 ரூபா. ஓர் இரவுக்கு 5,000 ரூபா வாங்கினால் அது 24 இரவு வாடகை. காலைச் சாப்பாடு, சலவை, மின்சாரம், இணையத்தள கமிஷன் என்று பாதி போய்விட்டால் 48 இரவு அறை நிரம்ப வேண்டும். அதற்குக் குறைந்தால், கொடுப்பனவை இழந்த குடும்பத்துக்கு நட்டம்தான்.

பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட்டில் சம்பளம் ஒரு பவுண் கூடினால் உதவி 55 பென்ஸ் குறையும். வீட்டோடு தங்கும் வாடகையாளர் தரும் காசைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அங்கே உதவி சரிவாக இறங்குகிறது. இங்கே படிப்படியாக, கடைசிப் படிக்குக் கீழே ஒன்றும் கிடையாது.

பதுளைத் தோட்டங்களில் கதை வேறு. தோட்டத் தொழிலாளர் வாழும் லயக் காம்பரா குடியிருப்பவர் பெயரில் இல்லை. கையில் உறுதியும் இல்லை. 1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போன பிறகும் அந்த நிலை பெரிதாக மாறவில்லை. மேகம் தொடும் அதே மலை, அதே காட்சி. ஆனால் பலகை மாட்ட முடியாது. சுற்றுலாவின் காசு அந்த லயங்களுக்குள் வருவதென்றால், விடுதியில் துணி துவைக்கவும் சமைக்கவும் போகிறவர்களின் நாட்கூலியாகத்தான் வரும். அந்தக் கூலிக்கு ரசீதும் இல்லை, மழை மாதங்களில் உத்தரவாதமும் இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை மண்சரிவுகளால் உலுக்கியது; மலையக ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டது. ரயிலை நம்பிப் போட்ட கட்டில்களில் விரிப்பு மடித்தபடியே கிடக்கும் காலம் அது. புதிதாகப் போட்ட தரை மட்டும் அப்படியே இருக்கும், அடுத்த தடவை கணக்கெடுக்க வருகிறவர் படிவத்தில் குறித்துக்கொள்ள.